நாலு நம்பர்

நடுக்கம் வந்தது ஞாயிற்றுக்கிழமை விடியலில்.
பதினோரு வினாடி என்றார் ரொட்டிக்கடைக்காரர்.
முழுசாக ஒரு நிமிடம் என்றாள் அவர் மனைவி.
கருவி சொன்னது நான்கு வினாடி.
இருவரிடமும் அதை நான் சொல்லவில்லை.

எனக்கு வேலை சுவரோடு.

லாபிஸ் தாண்டி, செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
பழைய புகைக்கூடு, கித்தா ஷீட் காய வைத்த இடம்.
இப்போது தடிக்கா. நாற்பத்தொரு பிள்ளைகள்.
சனிக்கிழமை என்றால் யாருக்காவது நிச்சயதார்த்தம்.
ஒன்பது அங்குலச் செங்கல். உள்ளே கம்பி கிடையாது.
நான்கு சுவரையும் சேர்த்துக் கட்டும் பட்டை கிடையாது.
கூரை சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது,
பஸ்ஸில் தூங்கிவிழும் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி;
பிரேக் பிடித்தால்
யார் மடியில் சாய்வாரோ.

ஆணியால் காரையைச் சுரண்டினேன்.
மாவாகக் கொட்டியது.
ஆணியைப் பையில் போட்டுவிட்டு நகத்தால் சுரண்டினேன்.
அப்போதும் கொட்டியது.
ஹஸ்னிசா குறிப்பேட்டில் எழுதினாள்: நகம்.

ஒரு கல்லை வெளியே எடுத்தோம்.
அது இருந்த குழியில் உள்ளங்கையளவு ஜாக்கை வைத்து
அடுத்த கல்லைத் தள்ளினோம்,
மெதுவாக, கோபமில்லாமல்:
எதுவரைக்கும் இங்கேயே இருப்பாய்?
முள் ஏறியது, ஏறியது,
முந்நூற்றுப் பத்தில் தடுமாறியது.
கல் ஒரு மயிரிழை விலகியது.
இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று
நாங்கள் நினைக்கவில்லை.

பிறகு விரிசல்.
சன்னல் மூலையில் பிறந்து
கல் கல்லாகப் படியேறிக் கூரைக்குப் போகிறது.
"நடுக்கத்தால வந்ததுதான்" என்றார்
குழுச் செயலாளர் பரமானந்தம்.
கையில் உதவிநிதிப் பாரம்.
அதில் ஒரு கட்டம்: நடுக்கத்தால் ஏற்பட்ட சேதம்.
என் டிக் விழுந்தால் பணம் வரும்.

விரிசலுக்கும் வயது உண்டு.
புதுசென்றால் உதடு சுத்தமாக, செங்கல்லின் உள்சிவப்போடு.
பழசென்றால் உள்ளே பெயின்ட் வழிந்திருக்கும்,
சிலந்தி குடியிருக்கும்,
யாரோ ஒரு பொடிசு மஞ்சள் கிரேயானைத் திணித்திருக்கும்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கிரேயானோடு இடுக்கியில் வந்தது ஒரு மடித்த தாள்.
நாலு நம்பர் சீட்டு.
தேதி அழியவில்லை. ஆறு வருடம் முந்தி.

காவலாளி அப்பளசாமி எட்டிப் பார்த்தார்.
"என்னுதுதான், மிஸ். பெண்சாதி கண்ணுல படாம
அங்க சொருகினேன். அப்ப சீட்டு மட்டும்தான் நுழையும்.
அந்த நம்பர் அடிக்கவே இல்ல."

இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது.

பரமானந்தம் சீட்டைப் பார்த்தார்.
அடுக்கிவைத்த குட்டி நாற்காலிகளைப் பார்த்தார்.
"இதையும் எழுதணுமா?"

கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்,
இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்:
மேல் உதட்டில் பழைய நீலம், அடியில் புதுச் சிவப்பு.
முன்பே திறந்திருந்தது. நடுக்கம் அகலப்படுத்தியது.
யார் காரணம் என்று சுவர் கேட்காது.
அடுத்த தடவை நிற்காது.
பிள்ளைகளை நாளைக்கே வேறு இடத்துக்கு மாற்றவும்.
கடைசி வரியை அடிக்கோடிட்டேன்,
பேனா தாளைக் கிழித்தது.

அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை.
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
கோயில் மண்டபச் சாவியைக் கேட்பது காதில் விழுந்தது,
கேட்பதைவிடச் சண்டைபோடுவது மாதிரி.

ஜாக்கைத் துடைத்து மூடும்போது
அப்பளசாமி பக்கத்தில் வந்து நின்றார்.
"மிஸ், அந்த முள்ளு எதுல நின்னுச்சு?"

முந்நூற்றுப் பத்து, அண்ணே.

"மூணு இலக்கம்தானா" என்று யோசித்து,
முன்னால் ஒரு சுழியம் போட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.